ஏற்காட்டு ஈரமும் மாமியாரின் தோல் பையும்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். என் மாமியார் ஆசிரியையாக இருந்தவர். 1970களில் மெட்ராஸில் வாங்கிய அவருடைய பழுப்பு நிறத் தோல் கைப்பை இரும்பு பீரோவுக்குள் கிடந்து இப்போதுதான் கைக்கு வந்தது. மேலெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. வாரின் ஒரு பக்கம் தையல் விட்டுப்போச்சு. பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சையாக ஏதோ பிசுபிசுக்கிறது. சேலத்தில் ஒருவரிடம் காட்டினால், '4,500 ரூபாய் கொடுங்கள், வெளியூருக்கு அனுப்பி ரீகலர் செய்து புதுசு மாதிரி தருகிறேன்' என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, தேங்காய் எண்ணெய் தடவினாலே போதும் என்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த 4,500 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். பையையும் யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேலத்துக்கு வந்தவன் நான். இந்த 'ரீகலர்' சங்கதியை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் பை வாங்குகிறவர் வேலை செய்கிறவர் இல்லை, கைமாற்றி விடுகிறவர். அவர் அனுப்பும் இடத்தில் பழைய மேல்பூச்சை அசிட்டோன் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, ஸ்பிரே கன்னால் ஒரு சாயம், அதன் மேல் பளபளப்புக்கு வார்னிஷ் மாதிரி ஒரு லாக்கர் பூச்சு. வரும்போது பை கண்ணாடி போல மின்னும். ஆறு மாதத்தில் மடிப்பு விழும் இடமெல்லாம் வெடித்து உரியும். அப்புறம் கேட்டால் 'உங்க தோல் பழசும்மா' என்பார். ரசீதும் இருக்காது. போன வருடம் ஒரு அம்மா இப்படி உரிந்த பையோடு வந்தார். பையின் ஓரத்தைக் கீறிப் பார்த்தேன். உள்ளே இருந்த நல்ல தோலின் மேல் மூன்று அடுக்குப் பெயின்ட். அதை நானும் எடுக்க முடியவில்லை.

சரி, உங்கள் பைக்கு வருவோம். வெள்ளையாகப் பூத்ததெல்லாம் பூஞ்சை இல்லை. பழைய தோலுக்குள் இருக்கும் கொழுப்பு சில நேரம் மேலே வந்து வெள்ளையாகப் படியும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சில விநாடி மட்டும் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் கொழுப்பு. மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மறையாமல், பஞ்சு பஞ்சாக நின்று, பழைய புத்தக வாடை அடித்தால் பூஞ்சை. நீங்கள் 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊரில், காற்றுப் போகாத இரும்பு பீரோவில் வைத்திருந்தீர்கள். அதனால் பூஞ்சையாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம்.

மழையும் பனிமூட்டமும் இல்லாத ஒரு பகலில், மாஸ்க் போட்டுக்கொண்டு பையை வெளித் திண்ணைக்குக் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூசி அடுத்த பீரோவில் போய் முளைக்கும். பழைய ஷேவிங் பிரஷ் போல மெதுவான ஒன்றால், காற்று போகும் திசையில் தட்டிவிடுங்கள். தையல் வரி, மடிப்பு, கொக்கிக்கு அடி, வாரின் உள்பக்கம் எதையும் விடாதீர்கள். பிறகு நிழலில் அரை நாள் திறந்து வையுங்கள். வெயிலில் போட்டால் பூஞ்சை சாகும் என்று ஊரே சொல்லும். தோலும் சேர்ந்து சாகும், அதை யாரும் சொல்வதில்லை.

தட்டிய பிறகும் மிச்சம் இருந்தால் மருந்துக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, சரிபாதி தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்து இறுகப் பிழிந்து துடைக்கலாம். முதலில் பையின் அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். புள்ளிக் கறை போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும். கறையை எடுக்கப் போய்த் தோலை எடுத்தவர்கள்தான் அதிகம்.

அடுத்து, இது என்ன தோல் என்று பார்த்துவிடுங்கள். வாரில் குத்திய ஓட்டையின் வெட்டு ஓரத்தைக் கவனியுங்கள். உள்ளே வரை பழுப்பாக இருந்தால் பட்டையில் பதனிட்டது. நம் பக்கத்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு உலகம் முழுக்க நல்ல பேர் இருந்தது. நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் உப்பில் பதனிட்டது. துணி நூல் தெரிந்து, மேல்தாள் அப்பளம் போல உதிர்ந்தால் அது தோலே இல்லை, ரெக்சின். அதைக் காப்பாற்ற முடியாது. நெருப்புக் காட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் அக்காவிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் தடவவும் வேண்டாம். அது உள்ளே இறங்கித் தோலைக் கறுப்பாக்கும், தொளதொளவென்று ஆக்கும், பிறகு சிக்கு வாடை அடிக்கும். உங்கள் ஊர்ப் பூஞ்சைக்கு அது விருந்துச் சாப்பாடு. ஷூ பாலிஷும் வேண்டாம், புடவையில் ஒட்டும். நிறமில்லாத லெதர் கிரீம் ஒரு பட்டாணி அளவு போதும். அதுவும் பூஞ்சை போய் இரண்டு வாரம் திரும்ப வராமல் இருந்தால்தான். கைப்பிடியில் விழுந்த வெடிப்பு எந்தக் கிரீமாலும் மூடாது. மூடும் என்று சொல்கிறவர் பெயின்ட் விற்கிறார் என்று அர்த்தம்.

பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும், எனக்கும் அப்படித்தான். குத்துவிளக்குக்குச் சரி, பைக்கு ஆகாது. புளித்தண்ணீர் தோலுக்குள் இறங்கினால் கொக்கியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். அந்தப் பச்சைப் பிசுக்கு தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது. பல்குச்சியால் சுரண்டி, காய்ந்த துணியால் துடையுங்கள், வந்துவிடும்.

தையலை வீட்டில் செய்ய வேண்டாம். மெஷினிலும் கொடுக்க வேண்டாம். மெஷின் புது ஓட்டை போடும். பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை விழுந்தால், தபால் தலையைக் கிழிப்பது போல வார் கிழிந்து வரும். செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போய், 'பழைய ஓட்டையிலேயே, மெழுகு நூலில், இரண்டு ஊசி போட்டுக் கையால் தைத்துக் கொடுங்கள்' என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். நூறு, இருநூறு ரூபாய் ஆகும். பேரம் பேசாமல் கொடுங்கள். சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் எழுப்பிவிடுவது இவர்களைத்தான். தோல் ஏற்றுமதி என்று மேடை மேடையாகப் பேசுகிறோம். ஒரு பையை ஒழுங்காகப் பழுது பார்க்கத் தெரிந்தவர் உட்கார நாலடி நிழல் கொடுக்க நமக்கு மனசு வரவில்லை. அப்புறம் வேலை தெரியாத தரகர் 4,500 கேட்காமல் என்ன செய்வார்?

ஒரே ஒரு விஷயம். நான் சொன்னதெல்லாம் மாட்டுத் தோல், ஆட்டுத் தோலுக்குத்தான். அந்தக் காலத்து மெட்ராஸ் பைகளில் மூடியிலோ ஓரத்திலோ பாம்புத் தோல் வைத்துத் தைப்பது நாகரிகமாக இருந்தது. கைவிரலை ஒரு பக்கமாக ஓட்டினால் வழவழவென்றும், எதிர்ப்பக்கம் ஓட்டினால் நகத்தில் தட்டுவதாகவும் இருக்கிறதா பாருங்கள். அச்சடித்த போலியில் செதில் ஒன்றுபோல் ஒன்று இருக்கும், விளிம்பு தூக்காது. நிஜமாக இருந்தால் ஆல்கஹால் படக்கூடாது, செதிலுக்கு எதிராகத் துணி போகக்கூடாது, காய்ந்த பிரஷ் மட்டும்தான். 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மலைப்பாம்பு போன்றவற்றின் தோலில் செய்த பொருளை விற்றால் குற்றம். 'பழசுதானே, ஆன்ட்டிக், நல்ல விலை வரும்' என்று வருகிற தரகரின் பேச்சைக் கேட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அவர் இல்லை. போட்டோ எடுத்துக்கூட அனுப்பாதீர்கள்.

இனி எங்கே வைப்பது? அந்த இரும்பு பீரோவில் வேண்டாம். உள்ளே பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுருட்டி வைத்து, பருத்திப் பையில் போட்டு, காற்றோடும் மர அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். செய்தித்தாள் திணித்தால் மை ஒட்டும். பிளாஸ்டிக் கவர் வியர்க்கும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சை அதைச் சட்டை செய்யாது, தோலில் பட்டால் கறை வேறு. மழை மாதங்களில் வாரம் ஒருமுறை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வாருங்கள். உள்துணியின் வாடை போக மூன்று வாரமாவது ஆகும், அதுவரை சென்ட் அடிக்காதீர்கள்.