ஊசியும் புத்தகமும்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, புத்தகமும் பின்னலும் ஒண்ணாவே ஓடுதுன்னு போன தடவை எழுதினீங்க. இந்த வாரம் கையில என்ன, மடியில என்ன? நிஜமாவே ரெண்டையும் ஒரே நேரத்துல செய்றீங்களா, இல்ல சும்மா அளக்குறீங்களா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: பாதி அளந்ததுதான், ஒத்துக்கிறேன். திங்கக்கிழமை பொன்னியின் செல்வன் மூணாவது பாகம் 'கொலை வாள்' எடுத்தேன், எத்தனாவது தடவைன்னு கேக்காதீங்க, கூடவே தம்பி பேத்திக்கு ஒரு குட்டிப் போர்வை. அது வெறும் கார்ட்டர் ஸ்டிட்ச், போற வரியும் நிட்னு சொல்ற சாதாரணப் பின்னல், திரும்பி வர்ற வரியும் அதே நிட், கண்ணு அந்தப் பக்கம் போகவே வேணாம் விரலே பாத்துக்கும், அதனால வந்தியத்தேவன் குதிரை பின்னாடி நானும் ஓடலாம். தொல்லை புத்தகம்தான். குண்டா இருக்கா, விரிச்சு வெச்சா ரெண்டு நிமிஷத்துல தானா மூடிக்குது, கடைசில துணி காயப்போடுற கிளிப்பை ரெண்டு பக்கமும் மாட்டினேன், ஆனா பக்கத்துக்குப் பக்கம் கிளிப்பைக் கழட்டி மாட்டிட்டிருந்தா எப்ப பின்னுறது? 1950லேர்ந்து 54 வரைக்கும் வாராவாரம் பத்திரிகைல வந்த கதை, அடுத்த வாரம் வாங்க வைக்கணுமே, அதனால ஒவ்வொரு அத்தியாயமும் நம்மள அந்தரத்துல தொங்க விட்டுட்டுதான் முடியும். "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்"னு சொல்லிச் சொல்லியே வியாழக்கிழமைக்குள்ள போர்வை முக்காவாசி ஆயிடுச்சு, சாதம் ரெண்டு நாள் குழைஞ்சு போச்சு.

வெள்ளிக்கிழமை தம்பி கேட்ட கேபிள் தொப்பில கை வெச்சேன், அங்கதான் மாட்டினேன். ஆறு லூப்ல மூணை தனி ஊசிக்கு மாத்தி முன்பக்கம் நிறுத்திட்டு, அடுத்த மூணைப் பின்னி, அப்புறம் நிறுத்தினதைப் பின்னணும், அப்பதான் கயிறு முறுக்கின மாதிரி வரும். நந்தினி பேச ஆரம்பிச்சா எனக்கு வேற எதுவும் காதுல விழாது, முன்பக்கம் நிறுத்த வேண்டியதை பின்பக்கம் நிறுத்திட்டேன், முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிடுச்சு. கவனிச்சது பதினாலு வரி கழிச்சு. அத்தனையும் பிரிச்சேன்.. எண்ணிக்கை இருக்குற பின்னலுக்கு ஆடியோ புக் கூட ஆகாதுங்க, கதையில யாராச்சும் "மூணு நாளா காணோம்"னா நானும் மூணுன்னு எண்ணிடுறேன்.

கேள்வி: யூடியூப்ல ஒரு அமெரிக்க அம்மா 8ம் நம்பர் ஊசின்னு சொன்னாங்க, நம்ம கடைல அதே 8 வாங்கி அவங்க சொன்ன 90 லூப்தான் போட்டேன், ஸ்வெட்டர் என் பையன் தலையிலயே நுழையல. நூல்ல குறையா? (ஒரு வாசகி, குன்னூர்)

பதில்: நூல் பாவம், அதை விடுங்க. நம்ம கடைகள்ல இன்னமும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் ஓடுது, அதுல நம்பர் ஏற ஏற ஊசி ஒல்லியாகும், அமெரிக்கால அப்படியே தலைகீழ், நம்பர் ஏறினா ஊசி தடிக்கும். அவங்க 8 அஞ்சு மில்லிமீட்டர், உங்க 8 நாலு மில்லிமீட்டர். நீங்க கேட்டிருக்க வேண்டியது 6ம் நம்பர். கூத்து என்னன்னா அமெரிக்க 6தான் நாலு மில்லிமீட்டர், ரெண்டும் இடம் மாறி உக்காந்திருக்கு! ஒரு மில்லிமீட்டர்தானேன்னு நினைக்காதீங்க, நாலு இஞ்சுக்கு 18 லூப் வந்தா 90 லூப்புக்கு 20 இஞ்சு, ஒல்லி ஊசில அதே நாலு இஞ்சுக்கு 22 விழுந்தா பதினாறரை கூட தேறாது. இனிமே நம்பரே கேக்காதீங்க, மில்லிமீட்டர் சொல்லி வாங்குங்க, நாலு இஞ்சை விடக் கொஞ்சம் பெருசா ஒரு சதுரம் பின்னி, அதுக்குள்ள ஸ்கேல் வெச்சு எண்ணிட்டு அப்புறம் ஆரம்பிங்க. நான் அதைச் செய்யாம ஆரம்பிச்ச ஸ்வெட்டர் ஒண்ணு இப்ப எங்க வீட்டு மிக்ஸிக்கு உறையா இருக்கு.

கேள்வி: கதைப் புத்தகத்துலயே பின்னுறவங்க யாராச்சும் உண்டா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: இருக்காங்க, ஆனா பக்கத்துல உக்காரப் பயமா இருக்கும். சார்லஸ் டிக்கன்ஸ் 1859ல எழுதின 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்'ல மேடம் டிஃபார்ஜ்னு ஒரு அம்மா, பாரிஸ்ல ஒயின் கடை, எந்நேரமும் கையில ஊசி. புரட்சி வந்தா யார் யார் கதையை முடிக்கணும்கிற பட்டியலை எழுத்துல இல்ல, பின்னல்லயே அவங்களுக்கு மட்டும் புரியுற மாதிரி ஏத்தி வெச்சுப்பாங்க. கேபிள் தொப்பிதான் வேணும்னு அடம் பிடிச்ச என் தம்பி பேரை இந்த வாரம் நானும் ஒரு ஓரத்துல பின்னி வெச்சிருக்கேன்.