சாஃப்ட்வேர் இருக்கும்போது கையால் எதற்கு?

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். எல்லாக் கணக்கையும் சாஃப்ட்வேரே போட்டுவிடும் என்கிறார்கள் சீனியர்கள். அப்புறம் எதற்கு பெண்டிங் மொமென்ட் படத்தை (பீமில், அதாவது உத்தரத்தில், பாரத்தால் எந்த இடத்தில், எந்தப் பக்கமாக, எவ்வளவு வளைக்கும் தாக்கம் வரும் என்று காட்டும் படம்) கையால் வரைந்து உயிரை விட வேண்டும்?

பதில்: சாஃப்ட்வேர் தப்பான விடை கொடுத்தால் கண்டுபிடிக்க ஆள் வேண்டாமா? இரு முனையும் தாங்கிகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பீமில் சீரான பாரம் இருந்தால், நடுவில் வரும் மொமென்ட் என்பது மீட்டருக்கு இவ்வளவு என்ற பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தது. அதாவது அதே பீமின் நீளம் இரு மடங்கானால் மொமென்ட் 4 மடங்கு, தொய்வோ 16 மடங்கு. இது மனசில் பதிந்துவிட்டால், அலகு மாறிப்போய் வந்த அபத்த விடை திரையைப் பார்த்ததுமே உறுத்தும்.

சன்ஷேடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் பிடிமானம், அதனால் இழுவிசை மேல்பக்கம் வரும், முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் அவசரத்தில் யாராவது அதை மிதித்துக் கீழே இறக்கிவிட்டால் (நடக்கிற விஷயம்தான்) டிராயிங் சரியாகவே இருக்கும், சன்ஷேடு கோவிந்தா. அந்த நேரத்தில் உங்களை ‘நிறுத்துங்க!’ என்று கத்த வைப்பது கையால் வரைந்த அந்தப் படம்தான்.

சரி, சாஃப்ட்வேரும் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு வேண்டும். மூன்றாம் வருஷம் ஆரம்பித்தால் போதும்.