எந்த நீலம் சரியான நீலம்?

அன்புள்ள சார்,

ஜான் கார்பென்டர் இயக்கிய 1978ஆம் ஆண்டுத் திகில் படமான 'ஹாலோவீன்' படத்தை முதலில் பழைய டிவிடியில் பார்த்தேன். பிறகு 2007இல் வந்த ப்ளூ-ரே. இப்போது நண்பன் வாங்கி வைத்திருக்கும் 4கே வட்டு. மூன்றும் மூன்று படம் மாதிரி இருக்கின்றன. ஒன்றில் இரவு அடர்ந்த நீலம், இன்னொன்றில் வெறும் இருட்டு. ஒன்றில் தெரு முழுக்க இலையுதிர்காலம், இன்னொன்றில் சுள்ளென்று கோடை வெயில். எதை நம்புவது? இன்னொரு கேள்வியும் உண்டு. முகமூடி போட்டவன் கத்தியோடு துரத்தும் படங்களுக்கு இவ்வளவு செலவில், பழைய பிலிமைச் சீர்படுத்தும் மீட்பு வேலை எதற்கு?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

மூன்றையுமே முழுதாக நம்ப வேண்டாம். 2007 ப்ளூ-ரேயை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்படலாம்.

மீட்பு என்றாலே கறுத்துப்போன குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல நினைத்துக்கொள்கிறோம். பளபளப்பு உள்ளே இருக்கிறது, அழுக்கு போனால் போதும் என்று. பிலிமில் கதை வேறு. கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவில் படத்தின் இறுதி நிறம் கிடையாது. லேபில் பிரின்ட் போடும்போதுதான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீல வெளிச்சம் எவ்வளவு என்று கிரேடிங் செய்வார்கள். தியேட்டரில் ஜனங்கள் பார்த்தது அதைத்தான். 1978இல் புழங்கிய ஈஸ்ட்மேன் பிரின்டுகளோ கொஞ்ச காலத்திலேயே வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும் ரகம். ஆக, நெகட்டிவ் பத்திரமாக இருந்தாலும் படம் தியேட்டரில் எந்த நிறத்தில் ஓடியது என்று சொல்ல நம்பகமான சாட்சி இல்லை.

மிஞ்சுவது ஒளிப்பதிவாளர் டீன் கண்டியின் நினைவு. 1999இல் வந்த டிவிடிக்கு அவர்தான் மேற்பார்வை. நீங்கள் சொல்லும் அடர்ந்த நீல இரவும் பழுப்பேறிய தெருவும் அதில் இருப்பவை. 2007 ப்ளூ-ரேயில் அவர் கை படவில்லை. 2013 ப்ளூ-ரேக்கு மறுபடி அவரே வந்தார், ஆனால் நிறங்கள் தணிந்துவிட்டன. 2021இல் ஸ்க்ரீம் ஃபேக்டரி என்ற வட்டு நிறுவனம் மூல நெகட்டிவை 4கேயில் புதிதாக ஸ்கேன் செய்தபோதும் அவர்தான் உட்கார்ந்தார். ஒரே ஆள், மூன்று தடவை, மூன்று நிறம். 'ஒளிப்பதிவாளர் ஒப்புதல் பெற்றது' என்ற வரியைப் படிக்கும்போது எந்த வருடத்து ஒளிப்பதிவாளர் என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த 1999 இலையுதிர்காலம் எனக்கும் பிரியமானதுதான். ஆனால் அதன் மேல் எனக்கொரு சந்தேகம் உண்டு. கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில், அக்டோபர் கடைசியில். படம் பிடித்தது கலிஃபோர்னியாவின் தெற்கு பாசடீனாவில், வசந்தத்தில். சுமார் 3 லட்சம் டாலர் பட்ஜெட். காய்ந்த இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் இறைப்பார்கள், ஷாட் முடிந்ததும் பொறுக்கி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவார்கள். மேலே மரங்கள் மட்டும் பச்சையாகவே நின்றன. சில ஷாட்களில் ஓரமாகப் பனை இன மரங்கள்கூடத் தலைகாட்டும். 1978 லேபில் ஃபிரேம் முழுவதையும் பழுப்புப் பக்கம் தள்ளலாமே தவிர, முகத்தை விட்டுவிட்டு இலையை மட்டும் மாற்ற வழியில்லை. 1999இன் கருவிகளில் அது முடியும். ஆகவே அந்த டிவிடியில் தெரிவது 1978 தியேட்டர் நிறம் என்பதைவிட, காசும் காலமும் இருந்திருந்தால் கண்டி எடுத்திருக்கக்கூடிய படம் என்றுதான் ஊகிக்கிறேன்.

நிறத்தைவிட வெளிச்சம்தான் என்னைக் கவலைப்படுத்துவது. கதாநாயகி லாரி பிணங்களைப் பார்த்துவிட்டு, ஓர் இருண்ட அறையின் வாசலோரம் சுவரில் சாய்ந்து அழுகிறாள். பின்னால் கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் தெரியவருகிறது. முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் நகரவே இல்லை. கண்டி ஒரு சின்ன விளக்கை டிம்மரில் வைத்து மெதுவாக ஏற்றுகிறார், அவ்வளவுதான். இந்த ஷாட்டில் கறுப்பைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் முகமூடி முன்கூட்டியே தெரிந்துவிடும், பயம் போச்சு. ரொம்ப இறக்கினால் திடீரென்று முளைத்தது போலிருக்கும், அது மலிவான திடுக்கிடல். எந்த வட்டு வாங்கினாலும் முதலில் இந்த இடத்துக்குத்தான் ஓட்டிப் பார்ப்பேன். 2021 வட்டு இங்கே ஜெயிக்கிறது. முகமூடி வந்துவிட்டதா இல்லையா என்று கண் தடுமாறும் அந்தச் சில நொடிகள் அதில் இருக்கின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செலவு செய்வது கலைச்சேவைக்காக அல்ல. ஒரே படத்தை ஐந்து தடவை வாங்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், நான் உட்பட. அந்தப் பணத்தில்தான் நெகட்டிவ் டப்பாவைத் திறக்கிறார்கள். கௌரவமான படங்கள் பலவற்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் 'இதெல்லாம் எதற்கு' என்ற உங்கள் கேள்வியை ஸ்டுடியோக்களே ஒரு காலத்தில் கேட்டுவிட்டன. 'ஃபிரைடே த தர்டீன்த்' என்ற இன்னொரு திகில்பட வரிசையின் ஏழாம் பாகம் 1988இல் வந்தது. அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு அதைத் திரும்பத் திரும்ப வெட்டச் சொன்னது. வெட்டிய துண்டுகளைப் பாதுகாக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று அவை மங்கலான வி.எச்.எஸ் நாடாவில் மட்டும் இருக்கின்றன. 2020இல் பன்னிரண்டு படங்களையும் 16 வட்டுகளில் அடக்கி ஒரு பெட்டி வந்தது. அதிலும் ஏழாம் பாகத்தின் துண்டுகளுக்கு அதற்கு மேல் கதி இல்லை. இந்த நாடாக் காட்சிகளைப் படத்துக்குள் செருகச் சொல்லும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தனியே இணைப்பாக இருக்கட்டும். வெட்டு எல்லாமே நஷ்டமும் அல்ல. அந்தப் படத்தின் கொலைகாரன் ஜேசன் ஒருத்தியைத் தூங்கும் பையோடு தூக்கி மரத்தில் அடிப்பான். எடுத்தபோது பல அடி, வெட்டுக்குப் பின் ஒரே அடி. அந்த ஒரே அடியைத்தான் இன்றுவரை சிலாகிக்கிறார்கள்.

இதற்கு நேரெதிர், 'ஹாலோவீன்' வரிசையின் ஆறாம் படம். 1995 பிப்ரவரியில் அதில் நடித்த டொனால்ட் ப்ளெசன்ஸ் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு படத்தின் கடைசிப் பகுதியை அவர் இல்லாமலேயே மாற்றி எடுத்து வெளியிட்டார்கள். முந்தைய வடிவம் நகலின் நகலாகத் திருட்டு நாடாவில் சுற்றியது. 2014இல் முழுத் தொகுப்பு ப்ளூ-ரேயில் வந்தபோது அது நல்ல பிலிமிலிருந்தே சேர்ந்துகொண்டது. பெரிய படம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ப்ளெசன்ஸ் கடைசியாக நடித்தது அதில்தான் கூடுதலாக இருக்கிறது.

'ஹாலோவீன்' 4கேயில் 2018இலும் ஒரு வட்டாக வந்தது. உங்கள் நண்பரிடம் இருப்பது அந்த வட்டா, 2021 வட்டா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்துச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதென்றால் 2021. பழைய டிவிடியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்த நீலம் வேறெங்கும் அப்படியே கிடைக்காது. 4கே வட்டுக்கு, குறிப்பிட்ட நாடுகளின் ப்ளேயரில் மட்டும் ஓடவைக்கும் மண்டலப் பூட்டு கிடையாது, ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூ-ரே அமெரிக்காவுக்கான ஏ மண்டலம். நம் ஊர் ப்ளேயர் சி மண்டலம் என்பதால் அது ஓடாமல் போகலாம். 4கே ப்ளேயர் கையில் இல்லாமல் ஆர்டர் போட்டுவிட வேண்டாம்.