வலியில்லாத நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு வருடமாக எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம்; கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறது. வலி இடுப்பிலிருந்து இடது கால் வரை இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்தாலே பயமாக இருக்கிறது. அலுவலகத்தில் நடிக்கிறேன் என்கிறார்கள். ஆனாலும் வலியில்லாத நாட்களில் விட்டதெல்லாம் சேர்த்து முடித்துவிடுகிறேன். எனக்கு எந்த நாற்காலி நல்லது?

க.

அன்புள்ள க.,

அறிக்கையை மடித்து உள்ளே வையுங்கள். 1994-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பாதிப் பேருக்கு உங்களைப் போலவே பிதுக்கம். அவர்கள் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

நடிப்பு என்பவர்கள் சொல்லட்டும். உடம்பில் கட்டுப் போட்டிருந்தால்தான் சிலர் கண்ணுக்கு நம் வலி தெரியும். அந்தப் பேச்சு வலியைவிட வலிக்கும், தெரியும் எனக்கு.

ஆனால் ‘விட்டதெல்லாம் சேர்த்து முடித்துவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பெருமை தெரிகிறது. அதைப் படித்ததும் கோபம் வந்தது. உங்களுக்கு அறிவிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

ஆறு வருடம் முன்பு ஒரு மொழிபெயர்ப்பு வேலை. ஒருநாள் காலை எழுந்தால் முதுகு இருப்பதே தெரியவில்லை. விட்டால் திரும்பக் கிடைக்காது என்று உட்கார்ந்தேன். பதினொரு மணி நேரம், நாற்பது பக்கம். இரவு கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. அப்புறம் பத்தொன்பது நாள் ஒரு வரி எழுதவில்லை. படுத்தபடி கணக்குப் போட்டேன்: இருபது நாளில் நாற்பது பக்கம், நாளுக்கு இரண்டு. மிக மோசமான நாளிலும் நின்றுகொண்டே இரண்டு பக்கம் எழுதிவிடுவேனே!

எனக்குப் பிசியோதெரபி செய்த பெண்மணி இதைக் கேட்டு அனுதாபப்படவில்லை. “மோசமான நாளில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?” என்றார். இருபது நிமிடம் என்றேன். “அப்போ பதினைந்து. நல்ல நாளிலும் பதினைந்துதான்.” மோசமான நாளுக்கு நான் சம்மதித்துவிட்டேன். நல்ல நாளுக்குத்தான் சண்டை போட்டேன். வலிக்காதபோது எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

அமெரிக்க உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970-களிலேயே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். வலி வரும்வரை வேலை, வந்ததும் ஓய்வு என்று பழகினால் ஓய்வு வலிக்குக் கிடைக்கும் பரிசாகிவிடும். அதனால் அளவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். எப்போது நிறுத்துவது என்பதை வலியிடம் கேட்காதீர்கள், கடிகாரத்திடம் கேளுங்கள். நேரத்தைக் கூட்டுவதும் அப்படித்தான். உற்சாகம் வந்த அன்று அல்ல, வாரத்துக்கு ஓரிரு நிமிடம். பதினைந்திலிருந்து நாற்பதுக்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை ஏமாற்றினேன், இரண்டு முறையும் படுத்தேன்.

படுக்கை என்றதும் நினைவு வருகிறது. வலி அதிகமானால் ஒன்றிரண்டு நாள் படுங்கள், ஒரு வாரம் வேண்டாம். அசையாமல் கிடந்தால் தசைதான் இளைக்கும். ஆனால் உட்காருமிடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமலோ கட்டுப்படாமலோ இருந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சரி, நாற்காலி. பாதம் தரையில் பதிய வேண்டும், இடுப்புக்குப் பின்னால் தாங்கல் வேண்டும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். மிச்சப் பணத்தில் சமையலறையில் வைக்கும் டைமர் ஒன்று வாங்குங்கள், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அணைக்கவாவது எழுந்திருப்பீர்கள்.