தோப்புத் தகர ஷெட்டில் தங்கலாமா?

கேள்வி: தென்னந்தோப்பில் உர மூட்டை வைக்க 20க்கு 10 அடியில் ரெடிமேட் தகர ஷெட் ஒன்று இறக்கினோம். வாரக் கடைசியில் இரண்டு பேர் தங்கும்படி அதை மாற்ற வேண்டும். கரண்ட் இணைப்புக்கு வழியில்லை. சோலார் எவ்வளவு போடலாம்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: சோலாருக்கு முன்னால் சூட்டைக் கவனியுங்கள். சித்திரை மத்தியானத்தில் வெறும் தகரக் கூரை 60 டிகிரியைத் தாண்டும். அதன் கீழே எத்தனை ஃபேன் ஓடினாலும் அனல்தான் வீசும்.

காசு இருந்தால் கூரைத் தகட்டைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே சூடு தடுக்கும் நுரை அடைத்த பலகை) போடுங்கள். மழைச் சத்தமும் அடங்கும். இல்லையென்றால் வெளியே வெள்ளைக் கூலிங் பெயின்ட் இரண்டு கோட், உள்ளே ஃபாயில் ஷீட். இந்த ஃபாயிலைப் பலர் தகரத்தோடு ஒட்டவைத்துவிடுகிறார்கள். ஒட்டினால் சூடு நேராக இறங்கிவிடும். ஒரு அங்குலமாவது இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் அந்த இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். தெர்மாகோல் சீலிங் வேண்டவே வேண்டாம்: தீப்பிடிக்கும், எலி குடியேறும். இரண்டு முக்கோணச் சுவர்களிலும் உச்சியை ஒட்டி ஒரு அடி சதுரத் திறப்பு விட்டு வலை அடியுங்கள். ஜன்னல்கள் எதிரெதிரே இருக்கட்டும்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஷெட்டை அசைத்துவிடும். நான்கு மூலைகளிலும் நீளப் பக்கங்களின் நடுவிலும் ஆக ஆறு குழிகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி சதுரம், 2 அடி ஆழம். கான்கிரீட்டில் ஜே போல்ட் (அடி வளைந்த போல்ட்) பதித்து ஷெட்டின் சட்டத்தை முடுக்குங்கள். கூரை ஸ்குரூ தகட்டின் மேட்டில் ஏற வேண்டும். பள்ளத்தில் ஏறினால் ஒழுகும், ரப்பர் வாஷர் பிதுங்க முறுக்கினாலும் ஒழுகும். சுவர்த் தகடு தரையைத் தொடும் இடத்துச் சந்துகளைச் சிமென்ட் கலவையால் அடையுங்கள். கட்டுவிரியனுக்கு அந்தச் சந்து தாராளம்.

இனி சோலார். 9 வாட் டிசி பல்பு மூன்று, 5 மணி நேரம்: 135 வாட்‑அவர். 30 வாட் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும்) ஃபேன் ஒன்று, 10 மணி நேரம்: 300. போன் சார்ஜுக்கு 30. மொத்தம் சுமார் 500 என்று வையுங்கள். எல்லாம் 12 வோல்ட்டிலேயே ஓடும், இன்வெர்ட்டர் தேவையில்லை. 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர் அவர்) டியூபுலர் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தால் 900 வாட்‑அவர், ஏறக்குறைய இரண்டு இரவு. நல்ல வெயிலில் 165 வாட் பேனல் ஒன்றே போதும். ஐப்பசி மழையை நினைத்து இரண்டாக வாங்கி, 30 ஆம்ப் கன்ட்ரோலரோடு (பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) பேரலலில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று இணையுங்கள். இரண்டுக்குப் பதில் 330 வாட் ஒற்றைப் பேனல் மலிவு என்று கடையில் சொல்வார்கள். அது பெரும்பாலும் 24 வோல்ட் பேட்டரிக்கானது. சாதாரண பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலரில் பாதி வீணாகும், கூடுதல் வோல்ட்டை வீணாக்காமல் மாற்றித் தரும் எம்பிபிடி வகை வேண்டும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் 5 மீட்டருக்குள் 6 சதுர மி.மீ. செம்பு ஒயர். பேட்டரி பிளஸ் முனையை ஒட்டி 30 ஆம்ப் டிசி ஃபியூஸ். சார்ஜ் ஆகும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும். படுக்கும் இடத்தில் வைக்காமல் வெளியே காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். சமையல் கேஸில்தான், இண்டக்‌ஷன் அடுப்பு இந்தக் கணக்குக்குள் அடங்காது.

பேனலைத் தெற்கு பார்த்து 10 முதல் 12 டிகிரி சரிவில் நிறுத்துங்கள், மரத்தடியில் வேண்டாம். ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதிக்குப் பாதி சரியும். தேங்காய் விழுந்தால் பேனலே போச்சு.