மின்னஞ்சல் பொருந்தினால் ஆளும் அதே ஆளா?

கேள்வி: இணையவழி வகுப்புகளுக்கான ஒரு தளத்தை நடத்துகிறேன். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று தினமும் யாராவது எழுதுகிறார்கள். அதனால் கூகுள், ஆப்பிள், முகநூல் கணக்குகளைக் கொண்டே உள்ளே வரும்படி செய்ய நினைக்கிறேன். பாடங்கள் முதன்மைத் தளத்திலும், புத்தக விற்பனை அதன் துணை டொமைனிலும் இருக்கின்றன. ஒருமுறை நுழைந்தால் இரண்டுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். கூகுள் தரும் மின்னஞ்சலைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் உள்ளே விட்டுவிடலாம் என்கிறார் எங்கள் டெவலப்பர். அது போதுமா?

பதில்: போதாது. அவர் சொல்கிற வழி, சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அதனாலேயே அதன் ஓட்டை கண்ணில் படாது. பொத்தான் வைப்பது ஒரு நாள் வேலை. அதை அழுத்திக்கொண்டு வருகிறவர் உங்கள் பட்டியலில் உள்ள எந்த ஆள் என்று தீர்மானிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓஆத், ஓபன்ஐடி கனெக்ட் என்ற இரண்டும் இங்கே மாறி மாறி அடிபடும். 2012-இல் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த ஓஆத் 2.0, அனுமதி கொடுப்பதற்கான ஏற்பாடு. வீட்டுச் சாவியை ஒருவர் கையில் கொடுத்தால் கதவு திறக்கும். ஆனால் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்காரர்தான் என்று அந்தச் சாவி சாட்சி சொல்லாது. அந்தச் சாட்சிக்காகத்தான் 2014 பிப்ரவரியில் ஓபன்ஐடி கனெக்ட் அதன் மேல் கட்டப்பட்டது. அது தருவது ஐடி டோக்கன்: இன்னார், இன்ன நேரத்தில், இன்ன தளத்துக்காக உள்நுழைந்தார் என்று வழங்குநர், அதாவது கூகுள் போன்ற நிறுவனம், கையொப்பமிட்டுத் தரும் சீட்டு. கூகுளும் ஆப்பிளும் இதைத் தருகின்றன. இணையதளங்களுக்கான முகநூல் லாகின் வழக்கமாக ஓஆத் முறையிலேயே நடக்கிறது. அனுமதிச் சீட்டான அக்சஸ் டோக்கனைக் காட்டி, நிரல்கள் தகவல் கேட்கும் வாசலான அவர்களுடைய கிராஃப் ஏபிஐயிடம் விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓட்டம் எளிதுதான். உறுப்பினர் பொத்தானை அழுத்தியதும் உங்கள் சர்வர் அவரைக் கூகுளுக்கு அனுப்புகிறது. அவர் அங்கே ஒப்புக்கொண்டதும், நீங்கள் முன்பே பதிந்து வைத்த திரும்பும் முகவரிக்கு ஒரு சிறு குறியீட்டுடன் வந்து சேர்கிறார். அந்தக் குறியீட்டையும், உங்கள் தளத்துக்கென்று கூகுள் கொடுத்த ரகசியச் சரமான கிளையண்ட் சீக்ரெட்டையும் சேர்த்து உங்கள் சர்வர் நேரடியாகக் கூகுளிடம் கொடுத்து ஐடி டோக்கனை வாங்குகிறது. போகும்போது 'ஸ்டேட்', 'நான்ஸ்' என்ற இரண்டு கணிக்க முடியாத எண்களைக் கொடுத்தனுப்பி, வரும்போது அவையே திரும்பினவா என்று பார்க்க வேண்டும். வழியில் திருடிய குறியீட்டை வேறொருவர் பயன்படுத்தாமல் தடுக்கும் பிகேசிஇ என்ற கூடுதல் பூட்டையும் போட்டுவிடுங்கள். இதையெல்லாம் கையால் எழுத வேண்டாம். எந்த மொழியில் தளம் இருந்தாலும் இதற்கென்று நன்றாகப் பராமரிக்கப்படும் நிரல் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்று இருக்கும். நூலகம் இருந்தாலும், அது டோக்கனின் கையொப்பம், கொடுத்தவர் பெயர், காலாவதி நேரம், யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் 'ஆட்' ஆகிய நான்கையும் உண்மையிலேயே சரிபார்க்கிறதா என்று டெவலப்பரிடம் கேளுங்கள். 'ஆட்' பார்க்காவிட்டால், வேறொரு தளத்துக்காக வாங்கிய டோக்கனைக் கொண்டுவந்து உங்கள் தளத்தில் நுழைந்துவிடலாம். முகநூலிலும் இதே ஆபத்து உண்டு. கையில் வந்த அக்சஸ் டோக்கன் உங்கள் ஆப்புக்காகத்தான் கொடுக்கப்பட்டதா என்று கேட்டுச் சரிபார்க்க அவர்களே வழி வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஐடி டோக்கனில் 'சப்' என்று ஒரு புலம் இருக்கும். அந்த வழங்குநரிடம் அந்தக் கணக்குக்கான நிலையான அடையாளம் அது. ஒருவர் மின்னஞ்சலை மாற்றினாலும், பெயரை மாற்றினாலும் அது மாறாது, இன்னொருவருக்கும் போகாது. மின்னஞ்சல் அப்படிப்பட்டதல்ல. அது முகவரி, வீடு மாறுகிற மாதிரி மாறும், காலியான வீட்டுக்கு வேறொருவர் குடிவருவார். ஒருவர் வேலையை விட்டுப் போனபின் அதே அலுவலக முகவரி, அதே பெயருள்ள புதியவருக்குக் கொடுக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது. ஆகவே உங்கள் தரவுத்தளத்தில் தனியாக ஓர் அட்டவணை போடுங்கள்: வழங்குநர், 'சப்', உங்கள் உறுப்பினர் எண். உள்ளே விடுவது இந்த அட்டவணையைப் பார்த்துத்தான். மின்னஞ்சல், கடிதம் அனுப்புவதற்கு மட்டும்.

இது வெறும் எச்சரிக்கை உணர்வு என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூனில் 'நோஆத்' என்ற பெயரில் ஒரு குறை வெளியானது. நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான அஸூர் ஏடியில், ஒரு நிறுவனக் கணக்கின் நிர்வாகி தன் கணக்கின் மின்னஞ்சல் புலத்தில் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் எழுதிவிட முடிந்தது. மின்னஞ்சலை மட்டும் நம்பி உள்ளே விட்ட தளங்களில், அந்த முகவரிக்காரரின் கணக்கு அப்படியே கைமாறிவிடும். 'சப்' பார்த்த தளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் பழைய 4,000 பேர் விஷயத்தில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அவர்கள் சேர்ந்தபோது, கொடுத்த மின்னஞ்சல் அவர்களுடையதுதானா என்று ஓர் இணைப்பு அனுப்பி உறுதிசெய்தீர்களா? செய்யவில்லை என்றால் இப்படி நடக்கலாம். ஒருவன் உங்கள் வருங்கால மாணவி ஒருவரின் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் இஷ்டப்படி ஒரு கடவுச்சொல் வைத்து, முன்கூட்டியே ஒரு கணக்கைத் திறந்து வைக்கிறான். சில மாதங்கள் கழித்து அந்த மாணவி கூகுள் பொத்தானை அழுத்தி வருகிறார். மின்னஞ்சல் பொருந்துகிறது, தளம் அவரை அந்தக் கணக்கிலேயே விட்டுவிடுகிறது. அவர் பணம் கட்டுகிறார், முகவரி பதிகிறார். அவனுடைய கடவுச்சொல்லோ இன்னும் செல்லுபடியாகும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, பிரபலமான 75 சேவைகளைப் பரிசோதித்து, குறைந்தது 35 சேவைகளில் இவ்வகை முன்கூட்டிய கைப்பற்றலுக்கு இடம் இருந்ததாகக் கண்டது. பெரிய நிறுவனங்களே தவறவிட்ட இடம் இது; உங்கள் டெவலப்பரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது: கூகுளிலிருந்து வந்த 'சப்' அட்டவணையில் இல்லை, ஆனால் அதே மின்னஞ்சலில் பழைய கணக்கு இருக்கிறது என்றால், தானாக இணைக்காதீர்கள். 'இந்த மின்னஞ்சலில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுடையது என்றால் இணைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லி, பழைய கடவுச்சொல்லைக் கேளுங்கள். மறந்துவிட்டவருக்கு அந்த மின்னஞ்சலுக்கே ஒரு முறை மட்டும் பயன்படும் இணைப்பை அனுப்புங்கள். அப்படி மின்னஞ்சல் வழியே இணைக்கும்போது, அந்தப் பழைய கணக்கு ஒருபோதும் உறுதிசெய்யப்படாததாக இருந்தால், அதன் கடவுச்சொல்லையும் திறந்திருக்கும் எல்லா லாகின்களையும் ரத்து செய்துவிடுங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கொஞ்சம் தளர்வு காட்டலாமா என்று கேட்டால், ஓர் இடத்தில் காட்டலாம். ஜிமெயில் முகவரியாக இருந்தால் அதற்குக் கூகுளே பொறுப்பு. மின்னஞ்சல் உறுதிசெய்யப்பட்டது என்ற குறியோடு, நிறுவனக் கணக்கு என்பதைக் காட்டும் 'எச்டி' புலமும் இருந்தாலும் அப்படியே. மற்ற முகவரிகளில் திறந்த கூகுள் கணக்குகளுக்கு, அந்தக் குறி என்றோ ஒருநாள் சரிபார்த்ததை மட்டுமே சொல்கிறது. இன்றைக்கு அந்தப் பெட்டி யார் கையில் என்று அது சொல்லாது. எப்படியிருந்தாலும் மேலே சொன்ன கடவுச்சொல் ரத்து கட்டாயம்.

ஆப்பிளைச் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் கட்டும் டெவலப்பர் உறுப்பினராக வேண்டும். கிளையண்ட் சீக்ரெட் என்று ஒரு சரம் கிடைக்காது. உங்கள் திறவுகோலால் நீங்களே கையொப்பமிட்டு உருவாக்க வேண்டும், அதன் ஆயுள் அதிகபட்சம் 6 மாதம். நாள்காட்டியில் குறிக்காமல் விட்டால், ஏழாவது மாதத்தில் ஒரு காலைப்பொழுது ஆப்பிள் பொத்தான் செத்துக் கிடக்கும். உறுப்பினரின் பெயரை முதல் முறை மட்டுமே தருவார்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, சோதனையில் அந்த ஒரே வாய்ப்பைக் கோட்டைவிட்டு, பெயர் ஏன் வரவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். உறுப்பினர் விரும்பினால் தன் மின்னஞ்சலை மறைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கிடைப்பது ஆப்பிள் உருவாக்கிய இடைநிலை முகவரி. அதற்கு ரசீது போய்ச் சேர வேண்டுமானால், நீங்கள் அனுப்பும் முகவரியை ஆப்பிளிடம் முன்பே பதிந்திருக்க வேண்டும். மின்னஞ்சலை வைத்துப் பழைய உறுப்பினரைக் கண்டுபிடிக்கும் யோசனை இங்கே முற்றிலும் படுத்துவிடும், கவனித்தீர்களா?

இன்னொரு நுணுக்கம்: பெயரும் மின்னஞ்சலும் கேட்டால், ஆப்பிள் விடையைப் போஸ்ட் முறையில், அதாவது உலாவி படிவத்தை அனுப்புகிற முறையில், அனுப்பும். வெளித்தளத்திலிருந்து வரும் போஸ்ட்டுடன், 'சேம்சைட் லாக்ஸ்' என்று குறித்த குக்கிகளை (தளத்துக்காக உலாவி சேமித்து வைக்கும் சிறு குறிப்புகளை) உலாவி அனுப்பாது. நீங்கள் 'ஸ்டேட்' எண்ணை அப்படியொரு குக்கியில் வைத்திருந்தால், ஒவ்வொரு லாகினும் தோற்கும். அந்தத் தற்காலிகக் குக்கிக்கு மட்டும் 'சேம்சைட் நன்', 'செக்யூர்' என்று வையுங்கள்.

முகநூலில், தொலைபேசி எண்ணால் சேர்ந்தவர்களுக்கு மின்னஞ்சலே வராமல் போகலாம். வேண்டாம் என்று உறுப்பினர் மறுக்கவும் முடியும். மின்னஞ்சல் இல்லாமலும் உடையாதபடி நிரலை எழுதச் சொல்லுங்கள்.

திரும்பும் முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கூகுள் கதவைச் சாத்திவிடும்; எனக்கு அரை நாள் போனது அந்த ஒரு சாய்கோட்டில். கூகுளின் அமைப்புப் பக்கத்தில் உங்கள் ஆப் 'டெஸ்டிங்' நிலையிலேயே இருந்தால் 100 பேருக்கு மேல் உள்ளே வர முடியாது, வெளியிடும் நாளில் மாற்ற மறக்காதீர்கள். ஓபன்ஐடி, மின்னஞ்சல், பெயர் விவரம் இவற்றுக்கு மேல் எதையும் கேட்காதீர்கள். வேறொரு ஆப்புக்குள் பதிந்திருக்கும் உலாவியில் கூகுள் லாகினைத் திறந்தால், 2021 செப்டம்பர் 30 முதல் அவர்கள் தடுக்கிறார்கள். 'கூகுள் வேலை செய்யவில்லை' என்று உறுப்பினர் எழுதினால், இணைப்பை எங்கிருந்து திறந்தார் என்பதை முதலில் கேளுங்கள்.

இரண்டு தளத்துக்கும் ஒரே நுழைவு என்பதற்கும் கூகுளுக்கும் சம்பந்தமில்லை; அது உங்கள் சொந்தக் குக்கியின் வேலை. குக்கியின் டொமைனை முதன்மை முகவரிக்கு வைத்தால் துணை டொமைன்களுக்கும் அது போகும். எல்லாத் துணை டொமைன்களுக்கும் போகும் என்பதுதான் அதில் உள்ள வம்பு. விற்பனைப் பகுதி வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் ஓடுகிறது என்றால், உங்கள் உறுப்பினர்களின் லாகின் குக்கி அவர்கள் கைக்கும் போகிறது. அப்படியென்றால் ஒரே லாகின் பக்கத்தை வைத்து, விற்பனைப் பகுதி அங்கே அனுப்பி உறுதிபெற்று, தனக்கென்று தனிக் குக்கி வைத்துக்கொள்வதே நல்லது. நாளைக்கு வேறு டொமைனில் மூன்றாவது தளம் தொடங்கினாலும் அந்த ஏற்பாடு தாங்கும். வெளியேறும் பொத்தான் உங்கள் குக்கியை மட்டும் அழிக்கும், கூகுள் லாகின் அப்படியே இருக்கும். பொதுக் கணினியில் படிக்கிறவர்களுக்கு இதை அந்தப் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

கடவுச்சொல்லை அடியோடு எடுத்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். கூகுள் தன் பழைய ஓபன்ஐடி 2.0 சேவையை 2015-இல் மூடியது. மொஸில்லாவின் பர்சோனா என்ற லாகின் சேவை 2016 நவம்பரில் மூடப்பட்டது. உறுப்பினரின் கூகுள் கணக்கே முடங்கிப்போவதும் உண்டு. கடவுச்சொல் பிடிக்கவில்லை என்றால் மின்னஞ்சலுக்கு லாகின் இணைப்பு அனுப்பும் வழியாவது இருக்கட்டும். உறுப்பினர் கடைசி வழியையும் துண்டிக்க முயன்றால் தளம் தடுக்க வேண்டும்.

வரிசை என்று கேட்டால்: முதலில் அந்த 'சப்' அட்டவணை, பிறகு இணைக்கும் பக்கம், அதன் பின் கூகுள் பொத்தான் மட்டும். ஒரு மாதம் ஓடட்டும். ஆப்பிளும் முகநூலும் தேவையா என்பதை, அதற்குள் உங்களுக்கு எழுதிக் கேட்கிறவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவுசெய்யுங்கள்.