வயதுக்கு வந்த மகளைக் கபடியிலிருந்து நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறாள். போன மாதம் வயதுக்கு வந்தாள். “இனிமேல் விழுந்து புரண்டு ஆடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும், நாளைக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வரும்” என்கிறார் என் மாமியார். மூன்று வாரமாகப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அனுப்புங்கள், சகோதரி. விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டாகப் பல ஆண்டுகளாகப் பள்ளி மாணவிகளுடன் இருந்து வருகிறேன். உங்கள் மாமியாரின் பயம் அன்பில் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நிறுத்தக் கூடாத வயது ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

முதலில் கர்ப்பப்பை. அது இடுப்பெலும்புக் கூட்டுக்குள், தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடிக்க, பத்திரமாக இருக்கிறது. ஓடுவதாலோ விழுவதாலோ இந்த வயதில் இறங்கிவிடாது. மேரி கோமை உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும். மூன்று முறை குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனான பிறகு, 2007-இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றார். அடுத்த ஆண்டே மறுபடியும் உலகப் பட்டம் வென்றார்.

அடுத்தது எலும்பு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெண் குழந்தைகள் மளமளவென்று உயரும் 11 முதல் 14 வயதுக்குள், வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சத்தில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. 18 வயதுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். குதிக்கும்போதும் ஓடித் திரும்பும்போதும் காலில் விழும் அதிர்வுதான் “இங்கே இன்னும் கட்டு” என்று எலும்புக்குச் சொல்கிறது. நீச்சலும் சைக்கிளும் நல்லவைதான், ஆனால் இந்த வேலையை அவை கபடி அளவுக்குச் செய்வதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு கரையத் தொடங்கும்போது இன்று சேர்த்துவைத்ததுதான் கைகொடுக்கும். குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்த பாட்டிகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். மாமியாரிடம் இந்த வழியாகவே பேசிப் பாருங்கள்.

மாதவிடாய் நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் ஆடலாம். பலருக்கு வயிற்றுவலி அதனால் குறையத்தான் செய்கிறது. வலி அதிகமென்றால் அன்று ஓய்வு, அவ்வளவுதான். முதல் இரண்டு வருடம் தேதி முன்பின்னாக வரும். இடையில் மூன்று மாதம் வராமலே போனாலோ, ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் நனைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். கடும் பயிற்சி செய்துகொண்டு போதிய சாப்பாடு இல்லாத பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதுண்டு. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாப்பாடு என்றதும் ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். அணியிலேயே வேகமாக ரெய்டு போகிறவள். ஒரு காலையில் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பியவள் நடுக்கோட்டுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம் போல வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.2. விடிகாலையில் ஒரு டம்ளர் டீயோடு மட்டும் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தாள். மாத்திரையும் சாப்பாடும் சரியான பிறகு அதே பெண் களைக்காமல் முழு ஆட்டமும் ஆடினாள். இவள் ஒருத்தியின் கதையில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆகவே மகளை மைதானத்துக்குத் திருப்பி அனுப்பும் வாரத்திலேயே அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொண்டு வருகிறாளா என்று கேளுங்கள். பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழம், பிறகு முட்டையோ வேர்க்கடலையோ. முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழியுங்கள். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது முழங்காலைப் பற்றித்தான். இந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கு ஏசிஎல் என்னும் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் கிழிவது பையன்களைவிட அதிகம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு படி உயரத்திலிருந்து உங்களைப் பார்த்தபடி இரு காலாலும் குதிக்கச் சொல்லி, போனில் படம் பிடியுங்கள். தரையில் இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்தால், அதைப் பயிற்சியால் திருத்த முடியும். முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கும்படி உட்கார்ந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல், மெதுவாகக் குதித்து ஓசையில்லாமல் இறங்குதல் ஆகியவற்றை ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம், வாரம் மூன்று நாள் செய்யட்டும். ‘டப்’ என்ற சத்தத்தோடு முழங்கால் விலகி, சில மணி நேரத்தில் வீங்கினால் உருவிவிட அழைத்துப் போகாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

உடையைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பல பெண்கள் ஆட்டத்தை விடுவதற்கு வலியைவிடக் கறை பற்றிய பயம் பெரிய காரணம். விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலேயே வெள்ளைதான் அணிய வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 2023 முதல் பெண்கள் அடர்நிற உள் ஷார்ட்ஸ் அணிய அனுமதித்துவிட்டார்கள். உங்கள் உடற்கல்வி ஆசிரியரிடம் கறுப்பு ஷார்ட்ஸ் கேட்பதில் தவறேயில்லை. அளவான ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கிக் கொடுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது ஆசிரியை ஒருவர் உடன் செல்கிறாரா என்று கேளுங்கள். பயிற்சியாளர் தொடுவதோ பேசுவதோ சங்கடமாக இருந்தால் உடனே உங்களிடம் சொல்லலாம் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

படிப்பு கெடும் என்ற பேச்சும் அடுத்து வரும். ஒரு மணி நேர ஆட்டம் படிப்பைக் கெடுத்து நான் பார்த்ததில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு அன்றாடம் சராசரியாக அவ்வளவு நேரம் உடலுழைப்பு வேண்டும் என்றுதான் உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

மூன்று வாரமாக அவள் பேசாமலிருப்பதன் காரணத்தையும் யோசித்துப் பாருங்கள். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியில் கார்னரில் இருப்பவள் கணுக்காலைப் பிடித்த அந்த நொடியில், பக்கத்தில் இருப்பவள் “பிடி!” என்று கத்திக்கொண்டு பாய வேண்டும். தயங்கினால் ஆள் தப்பிவிடும். வகுப்பில் பெயர் சொல்லவே கூசும் பெண்கள் அங்கே தொண்டை கிழியக் கத்துவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு அந்த ஆறு பேரும் வேண்டும்.

மூன்று வார இடைவெளி என்பதால் முதல் வாரம் ஓட்டமும் உடற்பயிற்சியும் மட்டும் போதும், பிடி ஆட்டம் இரண்டாம் வாரத்திலிருந்து. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே வந்தால், அதற்காக ஆட்டத்தை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை தொடங்கி, எவ்வளவு பயிற்சி செய்யலாம் என்பதை டாக்டரிடமே கேட்டு, அதை உடற்கல்வி ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.